பதினான்காம் இலக்கப் பூட்டு

த்ரீ கிங்ஸ், ஒக்லாந்து
9 பெப்ரவரி 1997

அன்புள்ள அண்ணா,

இல்லை, பூட்டவில்லை. சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். பேர்ணடெட் மாமி பக்கத்தில் நின்றார். அதனால்தான். பக்கத்து வீட்டுக் குணவதியக்கா பூட்டை உடைத்துத்தான் அப்பாவை வெளியே எடுத்தார் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் அந்தப் பின்னேரம் குருநகர் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. அப்பா வரமாட்டேன் என்றார். நான் கதவைச் சாத்தினேன். எனக்குப் பிறகு யாராவது வந்து பூட்டியிருப்பார்கள். கள்ளருக்குப் பயந்து.

நான் சுகம். உங்கள் முதுகு நோ எப்படி? பாரிசில் இப்போது கடுங்குளிராக இருக்கும். இங்கே வெயில், மாமியின் தக்காளி வெடித்துப் போகிறது.

புது வேலை ஒன்று. ஹில்ஸ்பரோவில் திருமதி ஹார்வுட் என்று ஒரு வயதான பெண். கணவர் பொறியியலாளர், அறுபதுகளில் மாலி நாட்டில் கிணறு தோண்டினாராம். அங்கிருந்து கொண்டுவந்த மரப்பூட்டுகள் முப்பத்தொன்று வீட்டில் இருக்கின்றன. அவர் இறந்துவிட்டார். ஒரு காட்சிக்கூடம் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து, பார்த்து, ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுத வேண்டும். சுவாமியார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார், கம்பஸில் படித்த பிள்ளை என்று.

எனக்கு ரெசிடென்ஸ் கிடைத்துவிட்டது. அப்பாவை ஸ்பொன்சர் செய்யும் படிவமும் வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம். மேசையில் இருக்கிறது.

தங்கச்சி,
சுதர்ஷிகா

*

பாரிஸ்
2 மார்ச் 1997

அன்புள்ள சுதா,

கடிதம் வந்தது. முதுகு அப்படியே. சட்டி கழுவுகிறவனுக்கு முதுகு எதற்கு என்று முதலாளி கேட்கிறான்.

மாலி என்று எழுதியிருந்தாய். என்னோடு சமையலறையில் நிற்கிற பக்காரி மாலிக்காரன். பம்பாரா ஆள். பூட்டு என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அவன் ஊரில் கலியாணம் முடித்து வருகிற பெண்ணுக்குப் புருஷன் ஒரு பூட்டுக் கொடுப்பானாம். அவளுடைய வீட்டுக் கதவுக்கு. கொல்லன்தான் மரத்தையும் செதுக்குவானாம். ஒவ்வொரு பூட்டுக்கும் பெயர் உண்டு, ஆளுக்கு வைக்கிற மாதிரி. அவனுடைய தாயின் பூட்டுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘புருஷனும் தட்டட்டும்.’ சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். ‘என்ர அப்பர் தட்டித் தட்டி விரல் தேஞ்சு போனார்’ என்கிறான். உன் பூட்டுகளின் படம் அனுப்பு, பார்க்க வேண்டுமாம்.

படிவத்தைக் கெதியாக நிரப்பு. எனக்கு இன்னும் அகதிக் கார்ட் வரவில்லை. நான் ஒருவரையும் கூப்பிட முடியாது. உன்னால் மட்டும்தான் முடியும். அப்பா வெள்ளவத்தையில் அந்த லொட்ஜ் அறையில் தனியாக இருக்கிறார். பொலிஸ் பதிவு மாதத்துக்கு மாதம். காலில் இரண்டு விரல் போன மனுஷன் ஸ்டேசன் வாசலில் வரிசையில் நிற்கிறார்.

நான் உன்னோடு கதைக்க எடுத்தால் நீ எப்போதும் வேலையில் என்கிறார் மாமி. ஞாயிற்றுக்கிழமையுமா?

அண்ணா,
டெஸ்மன்

*

த்ரீ கிங்ஸ்
23 மார்ச் 1997

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் பக்காரியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். படங்கள் ஆறு இத்துடன்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். கதவில் நெட்டாக ஒரு கட்டை அறைந்திருக்கும். அதுதான் உடம்பு. தலை, சில நேரம் காது, முலை, வால். அதற்குக் குறுக்கே ஒரு கட்டை ஓடும். குறுக்குக் கட்டையைக் கையால் தள்ளினால் போதும். உடம்புக்குள் ஒளித்திருக்கிற இரும்பு ஊசிகள் தாமாகக் குழிகளுக்குள் விழும். டக். அவ்வளவுதான், பூட்டியாயிற்று. திறக்கத்தான் பாடு. பல் வைத்த ஒரு குச்சியை உள்ளே விட்டு, ஊசிகளை ஒன்றாகத் தூக்க வேண்டும்.

மாமி வீட்டில் என்னோடு அறையில் இருக்கிற செல்வி ஈப்போக்காரி. ‘சாவி எங்க வச்சீங்க லா?’ என்று தினமும் கேட்பாள். ‘என்ன சாவி? திறப்பு’ என்பேன். ‘அப்ப பூட்டுறதுக்கு வேற ஒண்ணு வச்சிருக்கீங்களா?’ என்று நக்கலடிப்பாள். யோசித்துப் பார்த்தேன். எங்கள் சொல்லில் பூட்டுவதற்கு இடமே இல்லை. திறப்பு. திறக்க மட்டும். பூட்டுவதற்குக் கை போதும்.

தலைகீழாகப் பிடித்தால் பூட்டு தானாகத் திறந்துவிடும். ஊசிகள் பின்னால் விழுந்துவிடுகின்றன. திருமதி ஹார்வுட்டுக்குச் செய்து காட்டினேன். ‘பாவம், என் கணவருக்கு இது தெரியாது’ என்றார்.

பதினான்காம் இலக்கப் பூட்டுக்கு ‘ஆமை வடிவம்’ என்று அட்டை எழுதினேன். அப்படி இல்லை என்று காட்சிக்கூடத்து ஆள் சொல்கிறாராம். பக்காரியிடம் கேளுங்கள். படத்தின் பின்னால் இலக்கம் போட்டிருக்கிறேன்.

படிவம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பெரிய வியாழன் வருகிறது, கோயிலில் வேலை.

சுதர்ஷிகா

*

பாரிஸ்
20 ஏப்ரல் 1997

அன்புள்ள சுதா,

உயிர்த்த ஞாயிறு எப்படிப் போனது? இங்கே எனக்கு டபுள் ஷிஃப்ட்.

பக்காரி படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டான். பதினான்கு முதலையாம். ‘உன் தங்கச்சிக்குக் கண் தெரியாதா? இவ்வளவு நீள வாய், இவ்வளவு நீள வால், இதில ஆமை எங்க?’ என்று கேட்டான். நான் அவனுக்காக மறுபடி பார்த்தேன். முதலைதான் சுதா. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் ஆமைப்பூட்டு என்று ஒன்று இருக்கிறது, அதனால்தான் அவள் ஆமை என்றிருப்பாள் என்று சொன்னேன். வட்டமாக, பித்தளையில், அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் என்று கையால் செய்து காட்டினேன். செய்துகொண்டிருக்கும்போது எங்கள் முன்கதவு ஞாபகம் வந்தது. பின்கதவும். தொண்ணூறில் ஷெல் விழுந்து உள்தாழ்ப்பாள் போனபிறகு அதற்கும் வெளியே ஒரு ஆமைப்பூட்டுத்தானே.

பக்காரி இன்னொன்றும் சொன்னான். நான் கேட்காமல் சொன்னான். ‘ஆள் உள்ளே இருந்தால் எங்கள் ஊரில் பூட்ட மாட்டார்கள். பூட்டு வெறும் வீட்டுக்கு.’

போன ஞாயிறு அப்பாவோடு கதைத்தேன். ‘வீட்டைப் பூட்டினது ஆர், அப்பா?’ என்று கேட்டேன். ‘நான்தான் பூட்டச் சொன்னனான். வெறும் வீடு எண்டு நினைச்சு ஒருத்தரும் வரமாட்டாங்கள் எண்டு, நான்தான் பிள்ளையைப் பூட்டிப்போட்டுப் போகச் சொன்னனான்’ என்றார்.

நீ பூட்டவில்லை என்கிறாய். அவர் உன்னைப் பூட்டச் சொன்னேன் என்கிறார். இரண்டும் எப்படிச் சரியாகும்?

படிவம்?

அண்ணா

*

த்ரீ கிங்ஸ்
29 ஜூன் 1997

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதத் தாமதம். தடிமன், காய்ச்சல். இங்கே மழை. வீடு முழுக்க ஈரம். உடுப்பு காய்வதில்லை.

காட்சி திறந்துவிட்டது. பதினான்காம் அட்டையை மாற்றினேன். பக்காரிக்கு நன்றி சொல்லுங்கள். ஒரு பெண் கூட்டத்தில் கையை உயர்த்தி, இந்த வீடுகளில் ஆட்கள் உள்ளே இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்றேன்.

அப்பா சொன்னால் சரியாக இருக்கும். அவர் பூட்டச் சொல்லியிருப்பார். எனக்கு அந்த நாள் ஒழுங்காக நினைவில்லை.

இங்கே வாடகை கூடிவிட்டது. மாமிக்கு மூட்டு நோ. அப்பா வந்தால் எந்த அறையில் இருப்பார் என்று தெரியவில்லை. உங்கள் கார்ட் வந்துவிட்டால் அவர் பாரிசுக்கே வரலாம் அல்லவா? அங்கே லா சப்பலில் எங்கள் ஆட்கள் அதிகம். அவருக்குப் பொழுது போகும்.

சுகமாக இருங்கள்.

சுதர்ஷிகா

*

பாரிஸ்
13 ஜூலை 1997

சுதா,

காய்ச்சல் சுகமா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். வேறொன்றும் கேட்க மாட்டேன். குணவதியக்கா கோடரிப் பிடங்கால் அடித்துத்தான் உடைத்தாராம். அப்பாவிடம் திறப்பு இல்லை. பூட்டிக்கொண்டு போகச் சொன்ன மனுஷன் தனக்கொரு வழி வைத்துக்கொள்ள மாட்டாரா? ஜன்னலால் வாங்கி வைத்திருக்க மாட்டாரா?

திறப்பு எங்கே?

டெஸ்மன்

*

த்ரீ கிங்ஸ்
17 ஓகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணா,

என்னிடம் இருக்கிறது. சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு, விமானம். எல்லா இடத்திலும் என்னிடம் இருந்தது. இப்போது தையல் பெட்டியில் இருக்கிறது. இரண்டு திறப்பு, ஒரு வளையம்.

முதல் கடிதத்தில் பொய் எழுதினேன். மூன்றாம் கடிதத்தில் அப்பாவின் பொய்யை எடுத்துக்கொண்டேன். அவர் பூட்டச் சொல்லவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். மூன்று மணிக்கு ஒலிபெருக்கி வந்தது. ஆமி வருகிறது, எல்லாரும் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று. அப்பா சாய்வுகதிரையில் இருந்தார். காலில் புண், துணி சுற்றியிருந்தது. ‘நான் வரேல்ல. நீ போ’ என்றார். ஐந்து மணிவரை கெஞ்சினேன். திட்டினேன். ‘உங்களால நானும் சாகவோ?’ என்று கேட்டேன். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன். கேட்டேன். அவர் எழும்பி உள்ளறைக்குப் போனார்.

குணவதியக்கா படலையில் வந்து, ‘நான் இவரை விட்டிட்டு வரமாட்டன், நீயெண்டாலும் போ பிள்ளை’ என்றார். அவருடைய புருஷன் படுக்கையில் இருந்தது உங்களுக்குத் தெரியும்.

பையை எடுத்தேன். வெளியே வந்தேன். கதவை இழுத்தேன். பூட்டு வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அமுக்கினேன். ஒவ்வொரு நாளும் கம்பஸுக்குப் போகும்போது அப்பா வெளியே போயிருந்தால் அமுக்குவேன் அல்லவா, அதே மாதிரி. பின்கதவு காலையிலிருந்தே பூட்டித்தான் இருந்தது. கை செய்தது அண்ணா. கை பழகியிருந்தது.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட வந்தபிறகுதான் கையில் திறப்பு இருப்பதைப் பார்த்தேன். மழை. பின்னால் திரும்ப இடமில்லை. எல்லாரும் ஒரே பக்கம். திரும்பியிருக்கலாம். ஒரு மனுஷன் மாட்டைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனதைக் கண்டேன். மாட்டுக்காக அவன் போனான்.

அவர் உள்ளே இருந்தது மூன்று நாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். வெளிப்பூட்டைக் கண்டு, இரண்டு பேரும் போய்விட்டோம் என்று குணவதியக்கா நினைத்திருக்கிறார். குடத்தில் தண்ணீர் இருந்தது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

படிவத்தில் பதினொரு பக்கம் நிரப்பியிருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி. ‘இந்த நபரின் பராமரிப்புக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா?’ ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி. ஆறு மாதமாக அதைப் பார்க்கிறேன். அவர் விமான நிலையத்தில் வெளியே வரும்போது நான் எந்த முகத்தோடு நிற்பது?

சுதர்ஷிகா

*

பாரிஸ்
31 ஓகஸ்ட் 1997

சுதா,

கடிதம் கிடைத்தது. கொப்பி எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது பிழை என்று தெரியும்.

என்னால் இப்போது எழுத முடியாது. பக்காரி இரண்டு நாளாக என் சட்டிகளையும் சேர்த்துக் கழுவுகிறான்.

டெஸ்மன்

*

வெள்ளவத்தை, கொழும்பு 6
21 செப்ரெம்பர் 1997

என் அன்பு மகள் சுதர்ஷிகாவுக்கு அப்பா செபஸ்ரியன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நான் தேகசுகம். நீயும் பேர்ணடெட்டும் அவ்வாறே இருக்க ஆண்டவர் துணை. இரத்தத்தில் சீனி 180க்கு இறங்கிவிட்டது. லொட்ஜில் தண்ணீர் காலையில் மட்டும். மாடியில் ஒரு வவுனியாப் பெடியன் தபேலா பழகுகிறான். அவனுக்கும் வராது, எனக்கும் நித்திரை வராது.

டெஸ்மன் உன் கடிதத்தை அனுப்பினான். முப்பத்தாறு வருடம் தபாற்கந்தோரில் வேலை செய்தவன், மற்றவர் கடிதம் வாசிப்பதில்லை. இதை வாசித்தேன்.

பேய்ப்பிள்ளை. கை பழக்கம் என்பது எனக்குத் தெரியாதா? நான் ஓய்வு பெற்றபிறகும் ஒரு வருடம் வீட்டு மேசையில் முத்திரை குத்துகிற மாதிரிக் கையை அடித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா சிரிப்பா.

ஒரு விசயம். நீ எழுதவில்லை, உனக்குத் தெரியாதபடியால். நான் உள்ளே போனது கோபத்தில் இல்லை. உன்னோடு வரத்தான் போனேன். ‘பொறு பிள்ளை, சப்பாத்தைப் போடுறன்’ என்று உள்ளிருந்து சொன்னேன். புண்காலுக்குச் சப்பாத்து இலேசில் ஏறவில்லை. நான் முன்னுக்கு வர நீ போய்விட்டாய். உனக்குக் கேட்டிருக்காது. றோட்டில் அவ்வளவு சனம், ட்ரக்டர் சத்தம், குணவதியும் படலையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் கேட்டிருக்காது. அதனால் அதை மனதில் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

பூட்டச் சொன்னேன் என்று நான் ஊருக்குச் சொன்னதை நீ மாற்ற வேண்டாம். சனத்துக்கு ஒரு கதை போதும்.

படிவத்தில் உன் விருப்பம்போல் செய். இங்கேயும் எனக்குக் குறையில்லை. அங்கே வருவதானால் ஒரு சோடி சப்பாத்து வேண்டும், கறுப்பு, அளவு எட்டு. பழையது குருநகரிலேயே கிடக்கிறது.

அப்பா

*

த்ரீ கிங்ஸ்
12 ஒக்டோபர் 1997

அன்புள்ள அப்பா,

கேட்டது.

ட்ரக்டர் அப்போது வரவில்லை. குணவதியக்கா திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டார். ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லாத ஒரு நிமிடம் இருந்தது. கதவை இழுத்துப் பிடித்திருந்தேன். பூட்டு உள்ளங்கையில் இருந்தது. ‘பொறு பிள்ளை, சப்பாத்தைப் போடுறன்.’ ஒவ்வொரு சொல்லும் கேட்டது. சப்பாத்து நிலத்தில் விழுந்து நீங்கள் மறுபடி எடுத்ததும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அமுக்கினேன்.

கை பழக்கம் என்று அண்ணாவுக்கு எழுதியது அரைவாசி. கைக்கு முன்னால் நான் கணக்குப் பார்த்துவிட்டேன். உங்கள் கால், என் தோள், பாலம், மழை. பன்னிரண்டு மைல். உங்களைத் தாங்கிக்கொண்டு நான் போய்ச் சேரமாட்டேன் என்று நினைத்தேன். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வெளியே வந்து என்னைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். நீங்கள் வெளியே வராமல் இருக்க ஒரு வழிதான் இருந்தது.

நீங்கள் எனக்கொரு வழி வைத்திருக்கிறீர்கள். சனச்சத்தம், கேட்டிருக்காது என்று. நான்கு தரம் வாசித்தேன். எவ்வளவு பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்துவிடலாம் என்று ஒரு கிழமை முழுக்க இருந்தேன். அதற்கும் கூச்சமாக இருக்கிறது. ஒரு தரம் உங்களை உள்ளே வைத்துவிட்டு வந்தேன். மறுபடியும் உங்கள் பொய்க்குள் உங்களை வைத்துவிட்டு நான் வெளியே நிற்க முடியாது.

இதை வாசித்தபிறகு வர விருப்பமில்லை என்றால் அண்ணாவிடம் சொல்லுங்கள். நான் விளங்கிக்கொள்வேன். விருப்பமிருந்தால் வாருங்கள். கேட்டவளிடம் வருகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

சீனியைக் கவனியுங்கள். மாமி சுகம். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

மகள்,
சுதர்ஷிகா

மறுநாள் சேர்த்தது:

பன்னிரண்டாம் பக்கத்தில் ஓம் பெட்டியில் கோடு போட்டேன். படிவத்தை த்ரீ கிங்ஸ் தபாற்கந்தோரில் ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பக்கத்துக் கடையில் சப்பாத்துப் பார்த்தேன். வயதானவர், காலில் விரல் இல்லை என்றதும் கடைக்காரி நாடா இல்லாததை எடுத்து வைத்தாள். ஒரு நொடியில் போட்டுவிடலாம் என்றாள். நாடா கட்டுகிறதை வாங்கினேன். கறுப்பு, அளவு எட்டு. போட நேரமெடுக்கும். நிற்பேன்.